இணையதள வருகைக் கணக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கட்டுரை எழுதுகிறவர், சிறுதானியம் விற்கிறவர், ஆன்லைனில் பாடம் எடுக்கிறவர் என்று சொந்தமாக இணையதளம் வைத்திருக்கும் பலருக்கும் காலையில் ஒரு பழக்கம் இருக்கிறது. நேற்று எத்தனை பேர் வந்தார்கள் என்று அனலிட்டிக்ஸைத் திறந்து பார்ப்பது. கூகுள் அனலிட்டிக்ஸ் 2005 நவம்பரில் இலவசமாக வந்த பிறகு, இந்தக் கணக்கு எல்லோர் கைக்கும் எட்டிவிட்டது. அதைப் படிக்கும் பக்குவம் அந்த அளவுக்குப் பரவவில்லை. எண்ணைத் தப்பாகப் புரிந்துகொண்டு நல்ல முயற்சிகளைப் பாதியில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

நம்பிக்கை 1: பார்வைகள் எத்தனையோ, வாசகர்கள் அத்தனை பேர்.

உண்மை: பார்வை, செஷன், யூசர் மூன்றும் தனித்தனிக் கணக்குகள். ஒருவர் காலையில் வந்து நான்கு பக்கங்களைப் பார்க்கிறார். மாலையில் திரும்பி வந்து இன்னும் இரண்டு பக்கங்களைப் பார்க்கிறார். பார்வை 6, செஷன் 2, யூசர் 1. வந்தவர் 30 நிமிடம் எதுவும் செய்யாமல் இருந்தால் அந்தச் செஷன் முடிந்ததாகக் கொள்வது வழக்கமான அமைப்பு.

யூசர் என்பதும் ஆளைக் குறிக்காது. பெரும்பாலும் அது பிரவுசரில் பதியும் குக்கி என்ற சிறு அடையாளக் குறிப்புதான். ஒரே ஆள் போனிலும் அலுவலகக் கணினியிலும் படித்தால் கணக்கில் இருவர். ஒரே போனில் வீடே படித்தால் கணக்கில் ஒருவர். ஐபோனின் சஃபாரி பிரவுசரில், இத்தகைய குக்கிகளுக்கு ஆயுள் ஏழு நாள்தான். பத்து நாளைக்கு ஒருமுறை தவறாமல் வரும் வாசகர் அங்கே ஒவ்வொரு முறையும் புதியவராகவே பதிவாவார். உங்கள் நிரந்தர வாசகர்கள், அறிக்கை காட்டுவதைவிட அதிகமாகவே இருக்கக்கூடும்.

நம்பிக்கை 2: எண் ஏறினால் மக்கள் வருகிறார்கள்.

உண்மை: வருவது மனிதரா, பாட் எனப்படும் தானியங்கி நிரலா என்று முதலில் பார்க்கவேண்டும். 2025 மே, ஜூன் மாதங்களில் விக்கிப்பீடியாவின் வருகை வழக்கத்துக்கு மாறாகக் கூடியது. அதில் பெரும்பகுதி பிரேசிலிலிருந்து வந்ததாகத் தெரிந்தது. விக்கிமீடியா அறக்கட்டளை தன் பாட் கண்டறியும் முறையைச் செம்மைப்படுத்திப் பார்த்தபோது, அந்தக் கூடுதல் வருகையில் பெரும்பங்கு மனிதர்போல் வேடமிட்ட பாட்கள் என்று தெரியவந்தது. அவற்றைக் கழித்ததும், மனித வருகை முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிடச் சுமார் 8 சதவீதம் குறைந்திருந்தது. ஏற்றமாகத் தெரிந்தது உண்மையில் இறக்கம்.

கூகுள் அனலிட்டிக்ஸ், அறியப்பட்ட பாட்களைத் தானாகவே நீக்கிவிடும். வேடமிட்டு வருபவை தப்பிவிடலாம். திடீரென்று எண் எகிறினால், நாடு, ஊர், பிரவுசர், பக்கத்தில் செலவிட்ட நேரம் நான்கையும் பாருங்கள். உங்கள் மொழியே புழங்காத ஊரிலிருந்து, ஒரே வகை பிரவுசரில், ஓரிரு நொடி மட்டும் இருந்துவிட்டுப் போன ஆயிரம் வருகைகளை வளர்ச்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நம்பிக்கை 3: ‘டைரக்ட்’ என்றால் முகவரியைத் தட்டி நேராக வந்தவர்கள்.

உண்மை: எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர்களை எல்லாம் போட்டுவைக்கும் கணக்கு அது. வாட்ஸ்அப்பில் வந்த லிங்கைத் தொட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சேர்கிறார்கள். இப்படிக் கண்ணில் படாமல் நடக்கும் பகிர்வுக்கு, அமெரிக்கப் பத்திரிகையாளர் அலெக்சிஸ் மாட்ரிகல் 2012இல் ‘டார்க் சோஷியல்’ என்று பெயர் வைத்தார். குடும்ப குரூப், குடியிருப்பு குரூப், பழைய மாணவர் குரூப் என்று வாட்ஸ்அப்பிலேயே பாதி நாளைக் கழிக்கும் நம் வாசகர்கள் விஷயத்தில் இதை மறக்கவே கூடாது.

இதற்கு வழி உண்டு. லிங்கை அனுப்பும்போதே அதன் வாலில், எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் யுடிஎம் குறியைச் சேர்த்து, இது வாட்ஸ்அப்புக்கு, இது மின்னஞ்சலுக்கு என்று பிரித்துவிடலாம். லிங்க் எத்தனை கை மாறினாலும் பொதுவாகக் குறியும் கூடவே போகும். ஆனால் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கும் லிங்கில் இதைப் போடாதீர்கள். வாசகர் முதலில் எப்படி வந்தார் என்ற கணக்கே குழம்பிவிடும்.

நம்பிக்கை 4: பவுன்ஸ் ரேட் கூடினால் தளம் சரியில்லை.

உண்மை: கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸில், ஒரே பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியேறினாலே பவுன்ஸ். இருபது நிமிடம் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தவரும் அதில் அடக்கம். 2023 ஜூலை 1 முதல் அந்தப் பதிப்பு புதிய தகவல் வாங்குவதை நிறுத்தியது. இன்றைய பதிப்பான கூகுள் அனலிட்டிக்ஸ் 4இல் (ஜிஏ4), 10 நொடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கங்கள் பார்த்தாலோ, நீங்கள் முக்கியமென்று குறித்துவைத்த ஒரு செயலைச் செய்தாலோ அது ஈடுபாடுள்ள வருகை. மீதிதான் பவுன்ஸ். பெயர் ஒன்று, கணக்கு வேறு. பழைய சதவீதத்தைப் புதியதோடு ஒப்பிட்டு மகிழ்வதும் வருந்துவதும் வீண்.

தவிர, கடையின் போன் நம்பரைப் பார்க்க வந்தவர் பார்த்ததும் போய்விட்டால், உங்கள் தளம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

நம்பிக்கை 5: சராசரி நேரம் பார்த்தால், படித்தார்களா என்று தெரிந்துவிடும்.

உண்மை: ஐந்து பேர் ஒரு கட்டுரைக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் திறந்ததும் மூடிவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் பத்து நிமிடம் படிக்கிறார். சராசரி இரண்டு நிமிடம். அந்த ஐவரில் இரண்டு நிமிடம் படித்தவர் ஒருவர்கூட இல்லை. சராசரியோடு, பக்கத்தின் அடிவரை எத்தனை பேர் போனார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பக்கத்தை 90 சதவீதம் வரை நகர்த்தியவர்களை ஜிஏ4 தனியாகப் பதிவு செய்கிறது. நான்கு பேர் வாசலிலேயே திரும்பியிருந்தால், தலைப்பு கொடுத்த வாக்கை முதல் பத்தி காப்பாற்றுகிறதா என்று பார்க்கவேண்டும்.

நம்பிக்கை 6: அதிகம் பார்க்கப்பட்டதைப் போலவே இன்னும் பத்து போட்டால் வளரலாம்.

உண்மை: அதிகம் பார்க்கப்பட்டது, ஏமாற்றிக் கிளிக் வாங்கியதாகவும் இருக்கலாம்; அதையே இன்னும் பத்து செய்ய வைக்கும் பாதை இது. யூடியூப் 2012இல், பரிந்துரைக்கும்போது எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முன்னுரிமை கொடுத்தது. கிளிக்கை மட்டும் எண்ணினால் கவர்ச்சிப் படமும் பொய்த் தலைப்பும் முன்னுக்கு வந்துவிடும் என்பதே காரணம்.

வளர்ச்சிக்கான விதை, வாசகர் தேடியும் உங்களிடம் கிடைக்காத விஷயத்தில் இருக்கிறது. கூகுள் சர்ச் கன்சோல் அதைக் காட்டும். குதிரைவாலிப் பொங்கல் செய்முறை போட்டிருக்கிறீர்கள். ‘குதிரைவாலி சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா’ என்ற தேடலில் உங்கள் பக்கம் பலமுறை தோன்றியும் யாரும் தொடவில்லை என்று கன்சோல் சொல்கிறது. அந்தக் கேள்விக்கு உங்கள் பக்கத்தில் பதில் இல்லை. மருத்துவர் ஒருவரிடம் கேட்டு அதைப் பற்றித் தனியாக எழுதுங்கள். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களும் கன்சோல் காட்டும் தேடல் பட்டியலில் இருப்பார்கள். அவர்களும் உங்கள் வாசகர்களே.

நம்பிக்கை 7: பழைய கணக்கு எப்போதும் இருக்கும்.

உண்மை: சர்ச் கன்சோல் 16 மாதத் தகவலை மட்டுமே காட்டும். ஜிஏ4இல் தனிப்பட்ட யூசர் அளவிலான தகவலை வைத்திருக்கும் காலம் முதலில் 2 மாதமாகவே அமைந்திருக்கும். அதை 14 மாதமாக மாற்றிக்கொள்ளலாம். இன்றே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் போன பொங்கலையும் இந்தப் பொங்கலையும் நுணுக்கமாக ஒப்பிட முடியாது.

எண்களைத் தினமும் பார்ப்பதைவிட, வாரம் ஒருமுறை மூன்று கேள்விகளோடு பாருங்கள். யார் திரும்பி வந்தார்கள்? எங்கிருந்து வந்தவர்கள் முழுசாகப் படித்தார்கள்? எந்தத் தேடலுக்கு நாம் பதில் தரவில்லை? ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்த வாரம் செய்யவேண்டிய ஒரு வேலையை எழுதிவையுங்கள். எந்த வேலையையும் மாற்றாத எண்ணுக்கு உங்கள் காலை நேரத்தைக் கொடுக்காதீர்கள். அந்த நேரம் அடுத்த பக்கத்தை எழுதுவதற்கு வேண்டும்.