பாலை நிலத்தில் திடீர் வெள்ளம்

பாலைவனம் என்றதும் வறட்சியே நம் நினைவுக்கு வருகிறது. மேற்கு ராஜஸ்தானத்து உழவர்களோ வறட்சி, வெள்ளம் ஆகிய இரண்டுக்கும் அஞ்சி வாழ்பவர்கள். பார்மர் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. 2006 ஆகஸ்டில் அங்கு ஓராண்டு மழையைவிட மிகுதியான மழை சில நாட்களிலேயே கொட்டியது. நூறு பேருக்கு மேல் மாண்டனர். கால்நடைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. கவாஸ் என்னும் கிராமம் நீரில் மூழ்கியது.

காரணங்கள்

மணல் நீரை உறிஞ்சும் என்பது உண்மையே. ஆயினும் இடியுடன் கூடிய கனமழை, மண் உறிஞ்சும் வேகத்தை விஞ்சிவிடுகிறது. புல் பூண்டற்ற வெற்று நிலத்தில் மழைத்துளிகள் மோதும்போது நுண்மண் சிதறி, துளைகளை அடைத்து, மேற்பரப்பில் மெல்லிய ஓடு போலப் படிகிறது. அதன்பின் பெய்யும் நீர் வழிந்தோடுகிறது. பாறையும் சரளையும் நிறைந்த மேட்டு நிலங்களிலும் இதே நிலைதான்.

வழிந்தோடும் நீருக்குப் போக்கிடமும் அரிது. மணற்குன்றுகள் ஓடைகளை மறித்து, வடிகாலற்ற பள்ளங்களைத் தோற்றுவிக்கின்றன. கவாசில் நிலத்தடியிலுள்ள ஜிப்சப் படிவம் நீர் ஊறுவதைத் தடுத்தமையால், வெள்ளம் பல வாரங்கள் தேங்கி நின்றது. மேலும், ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடக்கும் ஓடைப் படுகைகளில் மக்கள் வீடும் வயலும் அமைத்துவிடுகின்றனர். ஆரவல்லியில் தோன்றிக் கட்ச் ரண் சதுப்பில் முடியும் லூனி ஆறு ஆண்டில் பெரும்பகுதி வறண்டிருக்கும். அதுவே 1979 ஜூலையில் பெருவெள்ளமாய்ப் பாய்ந்தது.

முன்னோர் கண்ட வழி

ஜெய்சல்மேர் பகுதியில் பாலிவால் சமூகத்தார் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே 'கடீன்' என்னும் முறையை வகுத்தனர். பாறைச் சரிவிலிருந்து வழியும் மழைநீரைத் தாழ்வான வயலின் எல்லையில் மண்கரை எழுப்பித் தேக்குவர். மிகை நீர் வெளியேறக் கரையில் கலிங்கு உண்டு. தேங்கிய நீர் மண்ணில் ஊறும். உடன் வந்த வண்டல் வயலுக்கு உரமாகும். எஞ்சிய நீரை வடித்துவிட்டு, குளிர்காலத்தில் அந்த ஈரத்தைக் கொண்டே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவிப்பர். கலிங்கு தூர்ந்தாலோ கரை உடையும். பயிரும் மண்ணும் ஒருசேரப் போகும். ஆதலின் கரை பராமரிப்பு ஊரார் அனைவரின் கூட்டுப் பொறுப்பாகும்.

செய்ய வேண்டுவன

1959 முதல் ஜோத்பூரில் இயங்கிவரும் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் கடீன் முறையையும் ஆராய்ந்துள்ளது. மேட்டு நிலங்களில் சேவண் புல்லை வளர்த்தல், சமமட்ட வரப்புகள் அமைத்தல் ஆகியவை நீரின் வேகத்தைத் தணிக்கும். சாலைகளும் இருப்புப்பாதைகளும் ஓடைகளைக் கடக்குமிடங்களில் போதிய அகலமுள்ள பாலங்கள் வேண்டும். வறண்ட படுகைகளை வருவாய்த்துறைப் படங்களில் நீர்வழியாகவே குறித்து, அங்கு குடியேற்றத்தைத் தவிர்க்க வேண்டும்.

பாலை நிலத்தில் மழை பெய்யும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் வரும் நீரைத் தடுத்து வயலில் நிறுத்தினால் உணவாகும். வழியடைத்துப் புறக்கணித்தால் உயிர்களைக் கொள்ளும். ஊராட்சிகள் இதனை வறட்சிக் காலத்திலேயே உணர்ந்து செயற்படுதல் நலம்.