கன்றுக்குரிய கடும்பு

மாடு கன்று ஈன்ற வீட்டில் பிள்ளைகள் எதிர்பார்த்திருப்பது கடும்பைத்தான். முதல் நாட்களில் கறக்கும் மஞ்சள் நிறப் பாலைச் சீனி சேர்த்து அவித்தால் கட்டியாகி வரும். அதன் ருசி எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பாலில் முதற்பங்கு கன்றுக்குரியது. ஏன் என்பதற்கு விஞ்ஞானத்தில் தெளிவான விடை இருக்கிறது.

மனிதக் குழந்தை கருப்பையில் இருக்கும்போதே சூல்வித்தகத்தினூடாகத் தாயின் பிறபொருளெதிரிகளைப் பெற்றுக்கொள்கிறது. பசுவின் சூல்வித்தகம் அவற்றைக் கடக்க விடுவதில்லை. ஆகவே நோயை எதிர்க்கும் சக்தி ஏறக்குறைய எதுவுமின்றியே கன்று கொட்டிலின் சாணத்திலும் ஈரத்திலும் வந்து விழுகிறது. அதற்குத் தேவையான பிறபொருளெதிரிகள் கடும்புப் பாலில் செறிந்துள்ளன. புதிதாய்ப் பிறந்த கன்றின் சிறுகுடல் அவற்றைச் சிதைக்காமல் முழுதாக இரத்தத்துக்குள் விடும். நேரம் செல்லச் செல்ல அந்த வழி அடைபட்டு, ஏறத்தாழ 24 மணித்தியாலத்தில் மூடிவிடும். மறுநாள் வாளி நிறையக் கொடுத்தாலும் அவை இரத்தத்தில் சேரா.

கொடுக்க வேண்டிய அளவு உடல் எடையில் பத்திலொரு பங்கு. 20 கிலோ கன்றுக்கு 2 லீற்றர். இதை முதல் 6 மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு பயன்.

“நஞ்சுக்கொடி விழுற வரைக்கும் கண்ட உடப்படாது” என்பது எங்கள் உம்மம்மாவின் கட்டளை. கொடி விழ 12 மணித்தியாலம்கூட எடுக்கலாம். அதுவரை கன்று பட்டினி கிடந்தால் பொன்னான நேரம் போய்விடும். மேலும், கன்று மடியைச் சப்பும்போது தாயின் உடலில் ஒட்சிற்றோசின் சுரக்கிறது. அது கருப்பையைச் சுருங்கச் செய்து கொடி விழவும் துணைசெய்கிறது. இதை நான் விளக்கியதும் உம்மம்மா சற்று யோசித்து, “அப்ப கண்டு குடிக்கட்டும் மகள், மிச்சத்த நாம அவிப்பம்” என்றார். எங்களுடையது நாட்டு மாடு; முதல் நாள் மிச்சமே வரவில்லை. தம்பிக்குத்தான் பெரிய கவலை.

கன்று தானாக எழுந்து குடிக்காவிட்டால் தாயின் மடியைக் கழுவி, கறந்து, உடற்சூட்டுடன் ஊட்ட வேண்டும். கடும்பைக் கொதிக்க வைத்தால் பிறபொருளெதிரிகள் அழிந்துவிடும். ஆறிப்போனால் பாத்திரத்தை இளஞ்சுடுநீரில் வைத்தால் போதும். பாலில் நனைத்த விரலை வாயில் வைத்தால் பெரும்பாலான கன்றுகள் சப்பத் தொடங்கும். சப்பும்போது இரைப்பையில் உள்ள மடிப்பொன்று குழாய்போலச் சுருண்டு, பாலை நேரே நான்காவது அறைக்குக் கொண்டுசெல்கிறது. பால் செரிப்பது அங்கேதான். தலையை அண்ணாத்திப் பிடித்துப் போத்தலால் ஊற்றுவது ஆபத்தானது. பால் நுரையீரலுக்குள் போய்விடலாம். விரலைக்கூடச் சப்பாத கன்றுக்குக் கால்நடை வைத்தியர் குழாய் மூலம் ஊட்டுவார். அவரை அழைப்பதும் அந்த 6 மணித்தியாலத்துக்குள் நடக்க வேண்டிய வேலை.