தறி நிற்கட்டும்!

ஊரிலிருந்து புனேக்குக் கணிப்பொறி வேலைக்கு வரும் நம் பிள்ளைகளின் காதில் முதல் வாரமே 'அஜைல்', 'லீன்' என்ற சொற்கள் விழுகின்றன. புதியவர்களுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. நான் கணிப்பொறியில் தொடங்குவதில்லை, தறியில் தொடங்குவேன்.

ஜப்பானியரான சகிச்சி டொயோடா 1924-இல் உருவாக்கிய தானியங்கித் தறியில், நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். பழுதான துணி மேலும் நெய்யப்படாது. பிறகு டொயோட்டா கார் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ இதையே மனிதருக்கும் பொருத்தினார். பழுதைக் கண்ட தொழிலாளி தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுப்பார். மேற்பார்வையாளர் ஓடி வருவார். உடனே சரியாகாவிட்டால் வரிசை நிற்கும். இழுத்தவருக்குத் திட்டு விழாது.

'லீன்' என்பதன் மறுபாதி நம் அடுக்களையில் இருக்கிறது. தட்டு காலியாகும் நேரம் பார்த்துத்தானே அடுத்த தோசையை ஊற்றுகிறோம்? முப்பதைச் சுட்டு அடுக்கினால் ஆறிப் போகும். தொழிற்சாலையில் 'அடுத்தது வேண்டும்' என்று சொல்லும் அட்டைக்குக் 'கான்பான்' என்று பெயர். இல்லத்தரசிகள் இதைப் பொறியாளர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்!

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி வெளியிட்ட அறிக்கையால் 'அஜைல்' பரவியது. வேலையைச் சிறு துண்டுகளாக முடித்து, அவ்வப்போது வாடிக்கையாளரிடம் காட்டித் திருத்திக்கொள்ளும் முறை இது.

முறை எளிது, மனம்தான் இடிக்கிறது. பல குழுக்களில் காலையில் நின்றபடியே பதினைந்து நிமிடம் பேசுவார்கள். நேற்று செய்தது என்ன, இன்று செய்யப்போவது என்ன, தடை ஏதும் உண்டா? மூன்றாவது கேள்விக்கு நம் பிள்ளைகள் "ஒன்றுமில்லை சார்" என்பார்கள். தெரியாததை மறைத்தே மதிப்பெண் வாங்கிய பழக்கம். இந்தியில் பேசக் கூச்சம் வேறு. ஒரு தம்பி, தரவுத்தளத்தைத் திறக்க அனுமதி இல்லாமல் நான்கு நாள் சும்மா உட்கார்ந்திருந்தான். கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை. தகுதிகாண் பருவத்தில் இப்படி நான்கு முறை நடந்தால் வேலையே போய்விடும்.

அதனால் புதியவர்களிடம் மூன்றாவது கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். தமிழில் பதில் சொன்னாலும் சரி. முதல் வேலையை அன்று மாலைக்குள் முடியும் அளவுக்கே கொடுக்கிறேன்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தொலைபேசியில் "வேலையெல்லாம் முடிந்ததா?" என்று கேட்டால் "முடிந்தது" என்றுதான் பதில் வரும். "இன்று யாரிடம் என்ன கேட்டாய்?" என்று விசாரித்துப் பாருங்கள்.