நாய் திரும்பி வர வேண்டும்

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. அதற்குக் கீழே ஓடையை ஒட்டி அரை ஏக்கர் கேரட். தேயிலையைக் காட்டுப்பன்றி சீண்டாது. கேரட்டில் இனிப்பு ஏறும் வாரம் பார்த்து இறங்கும். ஒரு கூட்டம் வந்துவிட்டுப் போனால் காலையில் பாத்தி ஏர் ஓட்டிய மாதிரி கிடக்கும். இதற்காகத்தான் நாய் வளர்க்கத் தொடங்கினேன். பன்னிரண்டு வருஷத்தில் ஐந்து நாய்கள்.

முதல் நாய் கருப்பன். பாய்ந்து கடிக்கிற நாய்தான் காவல் நாய் என்று நினைத்து, அவனை உசுப்பிவிட்டே வளர்த்தேன். ஒரு ஜனவரி இரவு, உறைபனி விழுந்த புல்லில், தனியாக வந்த ஆண் பன்றியை அவன் மடக்கினான். பன்றி தலையைத் தாழ்த்தி மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டியது, அவ்வளவுதான். டார்ச் அடித்துப் பார்த்தால் முன்னங்கால் இடுக்கில் நகக்கீறல் அளவுக்குத்தான் காயம். உப்புத் தண்ணீரில் கழுவி மஞ்சள் வைத்தேன். மூன்றாம் நாள் தோள் வீங்கி, சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. கால்நடை மருத்துவர் முடியை மழித்துத் திறந்தபோது உள்ளே நான்கு விரல் போகும் ஆழம், முழுக்கச் சீழ். பன்றியின் கீழ்க் கோரைப்பல் மேல்பல்லோடு உரசி உரசிக் கத்தியாகத் தீட்டப்பட்டிருக்கும். அது வெட்டினால் தோலில் சின்ன வாய்தான் தெரியும், சதை உள்ளே கிழிந்திருக்கும். பன்றியிடம் வெட்டுப்பட்ட நாயை அன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போங்கள். மஞ்சளை நம்பி நான் மூன்று நாள் தொலைத்தேன். கருப்பன் பிழைத்தான், ஆனால் அந்தக் கால் கடைசிவரை மடங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் தேடுவது வேறு மாதிரி நாய். தூர நின்று குரைக்க வேண்டும், கூப்பிட்டால் திரும்ப வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நாயை ஏவித் துரத்திப் பிடிப்பதும் வேட்டைதான். 2025 ஜனவரியில் தமிழக அரசு கொடுத்த அனுமதியும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடுவதற்குத்தான். காட்டை ஒட்டியே நிலம் வைத்திருக்கிற எங்களுக்கு அது பொருந்தாது.

குட்டி எடுக்கும்போது முதலில் காதைச் சோதிக்கிறேன். ராஜபாளையம் நாய் பன்றி வேட்டைக்குப் பேர்போன இனம், ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் பல குட்டிகளுக்கு வந்துவிடும். தூங்கும் குட்டிக்குப் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டுங்கள். காது அசையவில்லை என்றால் வேண்டாம். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் கையசைப்பு தெரியாது, விசில் ஒன்றுதான் கயிறு. குட்டை முடி நாய்க்கு எங்கள் ஊர்க் குளிரும் ஒத்துவராது. இந்த மலையிலேயே பிறந்த நாட்டு நாய்க்குட்டி போதும்.

இரண்டு மாதக் குட்டிக்கு விசில் சத்தம் என்றால் கருவாட்டுத் துண்டு. வேறு எதற்கும் கருவாடு கிடையாது. நான்கு மாதத்தில் இருபதடிக் கயிறு கட்டித் தேயிலைச் சந்தில் விட்டு, ஏதாவது வாசம் பிடித்து மூழ்கியிருக்கும்போது ஊதுவேன். உடனே திரும்பினால்தான் அடுத்த பாடம். முள்கம்பியில் ஒட்டியிருக்கும் பன்றி முடியை மோக்கவிட்டு, குரைத்தால் தட்டிக்கொடுப்பேன். வேலிக்கு வெளியே கால் வைத்தால் விசில். பாய்ந்து பழகிய பெரிய நாயோடு மட்டும் குட்டியை அனுப்பாதீர்கள். ஒரே இரவில் அதன் புத்தி இதற்கும் வந்துவிடும்.

இதைவிட முக்கியம், தரையில் கிடப்பதைத் தின்னாமல் பழக்குவது. பன்றிக்கு வைக்கும் நாட்டு வெடியான அவுட்டுக்காயைத் தீனிக்குள் பொதிந்து போட்டிருப்பார்கள். கடித்த நாய்க்குத் தாடை மிஞ்சாது. சுருக்குக் கம்பியும் அப்படித்தான், பன்றிக்கு வைத்தது நாயையும் சிறுத்தையையும் பிடிக்கும். தட்டில் நான் வைத்தால்தான் சாப்பாடு என்பதை ஆறு மாதம் விடாமல் பழக்கினேன்.

காட்டெருமை, கரடி பக்கம் நாயைப் போகவே விடக்கூடாது. சீண்டிவிட்டு நம்மிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே அதுவும் வரும்.

கவசம் என்று பார்த்தால், பன்றி வேட்டைக்கு அனுமதி உள்ள ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நாய்க்குக் கெவ்லர் துணியில் மார்புக்கவசம் மாட்டுகிறார்கள். நான் இரண்டு மடிப்புக் கித்தானில் தைத்துப் பார்த்தேன். மழையில் நனைந்து கனத்து, அக்குளில் உரசிப் புண்ணாக்கி, கவாத்து அடித்த தேயிலைக் குச்சியில் மாட்டிக்கொண்டது. கழற்றி எறிந்தேன். குரைத்துவிட்டுத் திரும்பும் நாய்க்கு அது சுமை.

கழுத்துப்பட்டையை மட்டும் விடமாட்டேன். எங்கள் ஊரில் நாய்க்குப் பெரிய எமன் சிறுத்தை, அது பிடிப்பது கழுத்தை. மூன்று விரல் அகலத் தடித்த தோலில் செருப்புத் தைப்பவரிடம் சொல்லி, மழுங்கிய ஆணிகளை வெளிப்பக்கம் நீட்டி அடித்து வாங்கினேன். உள்பக்கம் ஆணித்தலை உறுத்தாமல் இன்னொரு தோல் வேண்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். வளரும் குட்டிக்கு வாரம் ஒருமுறை பாருங்கள், இறுகிவிடும். கூடவே ஒரு ஆட்டு மணி. என்ன பட்டை போட்டாலும் ராத்திரி நாயை வெளியே சங்கிலியில் கட்டாதீர்கள், ஓட முடியாத நாய் சிறுத்தைக்குப் பரிமாறிய இலை. காவல் முடிந்ததும் என் நாய் வீட்டுக்குள்தான் படுக்கும்.

வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசி தயாரித்த பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் குன்னூரில் இருக்கிறது. அதே மலையில் இருந்துகொண்டு நாய்க்கு ஊசி போடாமல் விடுவதை என்னால் ஏற்கவே முடியாது. மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, அதன் பிறகு வருஷம் தவறாமல். பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகளை அதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். டிஸ்டெம்பர் நம் நாயிடமிருந்து செந்நாய்க்கும் தொற்றக்கூடியது.

இப்போது இருப்பது செவலி, வயது பதினொரு மாதம். போன வாரம் ஓடைப் பக்கம் உறுமல் கேட்டது. செவலி வேலியோரம் நின்று விடாமல் குரைத்தாள். கல் உருள, புதர் முறிய, கூட்டம் மேலேறிப் போகும் சத்தம் வந்தது. அவளும் வேலியைத் தாண்டினாள் என்பது மணிச் சத்தம் தள்ளிப்போனதில் தெரிந்தது. ஒரு முறை ஊதினேன். மணி நின்றது. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் பனி. மறுபடி மணி, இந்த முறை கிட்டத்தில். ஈர மூக்கு என் கையைத் தேடி வந்தபோது, கருவாட்டை எடுக்கச் சட்டைப்பைக்குள் விட்ட விரல்கள் நடுங்கின.