தேயிலைத் தூசை எளிதாக எண்ண வேண்டாம்

மொனராகலையிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்கு ஏறினால் ரப்பர் குறைந்து தேயிலை தொடங்கும். பறித்த கொழுந்து வந்து சேரும் ஸ்டோர்களில் தூசு அதிகம் பறப்பது சல்லடை அறையில்தான். ட்ரையரிலிருந்து வரும் காய்ந்த தூளைத் தரம் பிரிக்கும்போது இலையின் மெல்லிய ரோமங்கள் கழன்று பஞ்சு பஞ்சாகக் காற்றில் மிதக்கும். அதை உறிஞ்சித் துணிப்பைகளில் பிடிக்கத்தான் தூசு உறிஞ்சும் இயந்திரம். அதைப் பற்றியும் அது பிடிக்கும் தூசைப் பற்றியும் தோட்டப்புறங்களில் சொல்லப்படுவதில் பாதி சரியில்லை.

நம்பிக்கை: தினமும் குடிக்கிற தேயிலைதானே, மூச்சில் போனால் என்ன ஆகிவிடும்?

வயிறு செரிப்பதை நுரையீரல் செரிக்காது. கொழும்பில் நெஞ்சுநோய் மருத்துவராக இருந்த சி. ஜி. உரகொட, தேயிலைத் தூசினால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970ஆம் ஆண்டே எழுதினார். இலங்கைத் தேயிலைத் தொழிலாளரின் மூச்சு நோய்களைப் பற்றிய அவருடைய ஆய்வு 1980இல் வெளிவந்தது. ஆகவே இது புதிதாகக் கிளப்பிய பயமல்ல. வேலை நாளில் கூடி லீவு நாளில் தணிகிற இருமலும் இளைப்பும் இருந்தால் டிஸ்பென்சரியில் “இருமல்” என்று மட்டும் சொல்லி மருந்து வாங்காதீர்கள். சல்லடை அறையில் வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாயைச் சுற்றிக் கட்டும் துணி பெரிய பஞ்சை நிறுத்தும், நுண்தூசை நிறுத்தாது. முகத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டும் என்95 வகை முகக்கவசம்தான் உதவும்.

நம்பிக்கை: பை வெள்ளையாக இருந்தால்தான் நன்றாக வடிகட்டும்.

பார்ப்பதற்கு நியாயமாகத் தோன்றும், ஆனால் நடப்பது நேர்மாறு. புதுத் துணியின் இழைகளுக்கு நடுவே நுண்தூசு எளிதில் நழுவிப் போகும். ஓரளவு தூசு படிந்து மெல்லிய படலம் உண்டான பிறகு அந்தப் படலம்தான் மீதித் தூசைப் பிடிக்கிறது. பையைக் கழற்றித் தடியால் அடிப்பவர் படலத்தையும் போக்குகிறார், தையலையும் பிரிக்கிறார். அப்படியானால் எப்போது மாற்றுவது? பையின் இரு பக்கத்துக் காற்றழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மானியைப் பார்த்து. பல இடங்களில் அது நிறத் தண்ணீர் ஊற்றிய யூ வடிவக் குழாய்தான். இரு கால்களிலும் நீர்மட்ட வித்தியாசம் நாளுக்கு நாள் மெல்லக் கூடி, இயந்திரம் தானே பையை உதறிய பிறகும் இறங்காமல் நின்றால் துணி அடைபட்டுவிட்டது. திடீரென்று விழுந்தால் இன்னும் மோசம்: எங்கோ பை கிழிந்திருக்கிறது, அல்லது வளையம் கழன்றிருக்கிறது. தினம் ஒரே நேரத்தில் அந்த அளவைக் குறித்து வைக்க ஒரு கொப்பி போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று நாள்காட்டியைப் பார்த்து மாற்றுவது, நல்ல பையை எறிவதில் முடியலாம். கிழிந்த பையை ஓடவிடுவதிலும் முடியலாம்.

நம்பிக்கை: தேயிலைத் தூசு பற்றலாம், வெடிக்காது.

எரியக்கூடிய எந்த நுண்தூசும் அடைபட்ட இடத்தில் காற்றோடு கலந்து பொறி பட்டால் வெடிக்கும். தேயிலையும் சீனியும் அந்தப் பட்டியலில் உள்ளவை. 2008 பெப்ரவரி 7ஆம் திகதி அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் இம்பீரியல் சுகர் ஆலை வெடித்து 14 தொழிலாளர் உயிரிழந்தனர். முதல் வெடிப்பு, மூடிய கன்வேயர் ஒன்றுக்குள். அதன் அதிர்வில் தரையிலும் உத்தரங்களிலும் படிந்திருந்த சீனித் தூசு கிளம்பி, அடுத்தடுத்து வெடித்துக் கட்டடங்களை அழித்தது. தூசு உறிஞ்சும் அமைப்புகள் ஒழுங்காகப் பராமரிக்கப்படாததும் காரணம் என்று விசாரணை சொன்னது. பெல்வத்தையிலும் செவனகலையிலும் சீனி ஆலைகள் இருக்கிற மொனராகலை மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. உத்தரத்தின் மேல் ஒரு மில்லிமீற்றருக்குக் குறைவான படிவு பரவலாக இருந்தாலே ஆபத்து. அதைக் கம்பிரசர் காற்றால் ஊதித் தள்ளுவது தூசு மேகத்தை நாமே உண்டாக்குவது. எரியும் தூசுக்கென்று செய்த வாக்குவம் இயந்திரத்தால் உறிஞ்ச வேண்டும்.

நம்பிக்கை: சுவிட்சை அணைத்துவிட்டால் கதவைத் திறக்கலாம்.

போதாது. மின்விசிறி நிற்கச் சிறிது நேரம் எடுக்கும். பையை உதறும் காற்றுத் தொட்டியில் அழுத்தம் அப்படியே இருக்கும். கீழே தூசைக் கழிக்கும் சுழல் வால்வு தனி மோட்டாரில் ஓடும். அதற்குள் கை போனால் விரல் திரும்பாது. விசிறி, வால்வு இரண்டின் மின்சாரத்தையும் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும். சாவி வேலை செய்பவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும், ஆபீஸில் அல்ல. காற்றுத் தொட்டிக்கு வரும் காற்றை அடைத்து, உள்ளிருக்கும் அழுத்தத்தை இறக்கிய பிறகே கதவைத் திறக்கலாம். உள்ளே கருகல் வாசனை அடித்தாலோ தகடு சுட்டாலோ திறக்கவே கூடாது. கனன்று கிடக்கும் தூசுக்குப் புதுக்காற்று கிடைத்தால் தீ கிளம்பும்.

கழற்றிய பையை உதறாமல் வாயைச் சுருட்டி, அங்கேயே பொலித்தீன் உறைக்குள் போட்டுக் கட்டுங்கள். புதுப் பையின் வளையம் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். நிலைமின்சாரத்துக்காக எர்த் கம்பி வைத்திருந்தால் அதை மறுபடி இணைக்காமல் கதவை மூடக் கூடாது. ஓடத் தொடங்கியதும் மானி காட்டும் முதல் அளவை, திகதியோடு அந்தக் கொப்பியில் எழுதுங்கள்.