திருகைத் தொடாதீர்கள்

ஆழ்வார்பேட்டை சிக்னலில் ஏ.சி. ஓட நிற்கும்போது உதறி உதறி அணைந்துபோகும் பழைய கார்களுக்கு நம்மிடையே வைத்தியம் சொல்பவர்கள் ஏராளம். அந்த வைத்தியங்களில் பெரும்பாலானவை கார்புரேட்டர் காலத்தவை. இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ 1998-இல் வந்தபோதே மல்டி பாயின்ட் இன்ஜெக்‌ஷனோடுதான் வந்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் நாம் கேள்விப்பட்டதை வைத்தே அதைப் பழுதுபார்க்கிறோம்.

“ஐட்லிங் திருகைக் கொஞ்சம் ஏற்றினால் போதும்” என்பது இவற்றில் மிகப் பழைய நம்பிக்கை. கார்புரேட்டரில் அது சரி. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெடலை மிதிக்காதபோது த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். ஐட்லிங்குக்கான காற்று தனி வழியில் போகும். அவ்வழியில் உள்ள சிறு வால்வைத் திறந்து மூடி, இன்ஜினை 700 முதல் 900 சுற்றுக்குள் நிறுத்துவது இசியு எனும் கட்டுப்பாட்டுக் கணினி. ஏ.சி. போட்டால் வால்வைக் கூடுதலாகத் திறப்பதும் அதுதான். தகட்டைத் தாங்கும் திருகு தொழிற்சாலையில் அளந்து வைக்கப்பட்டது. அதைத் திருப்பினால் த்ராட்டில் சென்சாரின் ஓய்வு அளவே மாறிவிடும். பெடலில் கால் இருப்பதாக எண்ணி இசியு ஐட்லிங்கைக் கவனிப்பதையே விட்டுவிடக்கூடும். உண்மைக் கோளாறு பெரும்பாலும் காற்றுவழியிலும் தகட்டின் விளிம்பிலும் படிந்த கரி. அதற்குரிய கிளீனரால் துடைத்தால் போதும். இருந்தும் இந்தப் பழக்கம் ஏன் நீங்கவில்லை? திருகிய நொடியே உதறல் நிற்கிறது. எதிரில் நிற்கும் நமக்கும் திருப்தி. கெடுதல் வேறொரு நாள், வேறொரு சிக்னலில் தலைகாட்டும்போது திருகு யாருடைய நினைவிலும் இருப்பதில்லை.

“பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும்.” இதனால் பல வண்டிகளில் இசியு கற்றுவைத்த திருத்தங்களும், பதிந்துவைத்த கோளாறுக் குறியீடுகளும் சேர்ந்தே அழிகின்றன. இரண்டு நாள் வண்டி நன்றாக ஓடும், பிறகு பழையபடி ஆகும். அடுத்துப் பார்க்கும் மெக்கானிக்குக் கையில் தடயமே இருக்காது.

“சென்னை வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?” இது நம் ஊரின் சொந்தப் பிழை. 40 டிகிரி நமக்குத்தான் வெயில். 80 டிகிரிக்கு மேல் இயங்க வேண்டிய இன்ஜினுக்கு அது குளிர். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் கூலன்ட் ஓயாமல் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்கிறது. இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று இசியு பெட்ரோலைக் கூட்டித் தந்துகொண்டே இருக்கும். பிளக் கறுக்கும், மைலேஜ் விழும். எப்போதோ தெர்மோஸ்டாட் சிக்கி ஒரு வண்டி கொதித்திருக்கும், கழற்றியதும் அடங்கியிருக்கும். அதைப் பார்த்து நல்ல வண்டிகளிலும் கழற்றத் தொடங்கினோம். புதிது போடுவதே சரி.

அதிகம் செலவு வைப்பது, கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் மீதான நம்பிக்கை. குறியீடு வராவிட்டால் வண்டியில் குறையில்லை, வந்தால் அந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்கிறோம். இரண்டும் தவறு. வெடித்துப்போன வேக்கம் ஹோஸை இசியுவால் பார்க்க முடியாது. விளைவை மட்டுமே அறியும். கூடுதல் காற்று கசிந்து நுழைவதை ஆக்சிஜன் சென்சார் சரியாகவே சொல்ல, நாம் அந்தச் சென்சாரையே மாற்றுகிறோம். பிறகு புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் பழைய த்ராட்டில் பாடி, அதற்கும் பிறகு பழைய இசியு. கடைசியில் ஓய்வூதியத்தில் வாழும் வீட்டினர் நல்ல வண்டியை வந்த விலைக்கு விற்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இருபது ஆண்டுகள் இன்ஜின் சூட்டில் வெந்த ரப்பர் இறுகி வெடிப்பது இயல்பு. ஐட்லிங்கில் ஓடும்போது உஸ்ஸென்ற சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்தி மூடி, சுற்று மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை.

இப்போது எல்லாப் பழியும் எத்தனால் கலந்த பெட்ரோல் மேல். அதற்கென வடிவமைக்கப்படாத பழைய ரப்பர் பாகங்களைப் பற்றிய கவலை நியாயமானதே. ஆனால் காலையில் நிதானமாக ஓடி, ஏ.சி. போட்டால் மட்டும் உதறும் வண்டிக்கு இரு வேளையும் ஒரே பெட்ரோல்தான்.

இத்தனைக்கும் முன்னால் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். முள் இல்லாத வண்டியில் ஸ்கேனரே சுற்றைக் காட்டும். சுற்று அசையாமல் நிற்க, ஸ்டியரிங்கும் சீட்டும் மட்டும் அதிர்ந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இன்ஜினைத் தாங்கும் மவுன்டிங் ரப்பரை.