பசுவின் வயிற்றில் பாலிதீன் பை

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போயிருக்கிறீர்களா? லாரியில் வந்திறங்கிய மூட்டைகளைப் பிரித்தபின், முட்டைக்கோசின் மேல் இலைகளும் காலிஃபிளவர் தண்டுகளும் அழுகிய தக்காளியும் ஓரமாகக் குவிந்து கிடக்கும். குவியலைத் தேடி மாடுகள் வந்துவிடும். தெருவில் திரிகிற மாடெல்லாம் சொந்தக்காரர் இல்லாத மாடு என்று எண்ணிவிடாதீர்கள். பாலைக் கறந்துகொண்டு, தீவனச் செலவை மிச்சம் பிடிக்க அவிழ்த்துவிடப்படும் பசுக்களும் அவற்றில் உண்டு.

மாடு இலை தின்பதில் தவறில்லை. இலையோடு சேர்ந்து உள்ளே போகும் பொருளைப் பற்றித்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மாடு தின்பதை உற்றுக் கவனியுங்கள். அதற்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அவ்விடத்தில் கெட்டியான ஈறு மட்டுமே உண்டு. சொரசொரப்பான நீண்ட நாக்கால் தீனியை வளைத்து இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். பிறகு ஓய்வாகப் படுத்து அசை போடும். ஆடு உதட்டால் இலை இலையாகப் பொறுக்கித் தின்னும். மாட்டுக்கு அந்த நாசூக்கு வராது. பழத்தோலையும் மிச்சச் சோற்றையும் பாலிதீன் பையில் இட்டு, முடிச்சும் போட்டு எறிந்தால், அவிழ்த்துத் தின்ன அதற்குக் கையா இருக்கிறது? பையோடு விழுங்குகிறது.

விழுங்கியது போய்ச் சேரும் இடம் ரூமென் என்னும் பெருவயிறு. மாட்டின் இரைப்பையிலுள்ள நான்கு அறைகளில் இதுவே மிகப் பெரியது. பெரிய பசுவுக்கு 100 லிட்டருக்கு மேலும் கொள்ளும். இதை ஒரு நொதித்தல் தொட்டி எனலாம். வைக்கோலிலுள்ள செல்லுலோசைச் செரிக்கும் நொதி பசுவிடம் இல்லை. ரூமெனில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களே அதைச் சிதைத்து அமிலங்களாக்குகின்றன. பசு அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. இங்கிருந்து அடுத்த அறைகளுக்குச் செல்லும் வழி குறுகியது. நன்றாக அரைபட்டு, சில மில்லிமீட்டராகச் சிறுத்த துணுக்குகளே அதைக் கடக்கும். பாலிதீனையோ நுண்ணுயிர்களும் சிதைப்பதில்லை, பற்களும் அரைப்பதில்லை. எனவே அது உள்ளேயே தங்கி, கயிறு, துணியோடு முறுக்கிக்கொண்டு பந்தாகத் திரள்கிறது.

வயிறு நிறைந்திருப்பதால் பசி எடுக்காது. ஆகவே வயிறு பெருத்திருக்க, விலா எலும்பு தெரியும்படி மாடு மெலியும். நொதித்தலில் உண்டாகும் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் ஏப்பமாக வெளியேறியாக வேண்டும். வழி அடைபட்டால் இடப்பக்கம் உப்பி, நுரையீரல் நெருக்குண்டு மாடு இறக்கவும் கூடும்.

ஆணியும் கம்பியும் விழுங்கும் மாடுகளுக்கு ஒரு வேடிக்கையான பாதுகாப்பு உண்டு. சில நாடுகளில் மாட்டுக்கு ஒரு காந்தத்தையே விழுங்கக் கொடுத்துவிடுகிறார்கள்! அது வயிற்றிலேயே தங்கி இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பாலிதீனைப் பிடிக்க அப்படி ஒரு காந்தம் கிடையாது. எக்ஸ்ரேயில் ஆணி தெரிவதுபோல் அது தெளிவாகத் தெரிவதும் இல்லை. விலாவின் இடப்புறம் கிழித்து, கையால் எடுப்பதே வழி. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை இப்படி எடுத்தார்கள். அறுவைக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. உங்களில் பலருடைய எடையே 52 கிலோ இராது!

அதே ஆண்டு ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பாலிதீன் பை உள்ளிட்ட, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்துவிட்டது. வளர்க்கும் பிராணிக்குப் போதிய தீனி, தண்ணீர், தங்குமிடம் தராதிருப்பது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் வாதாடியதன் பயனாகப் பிறந்த சட்டம் அது. ஆக, பையை எறிந்தவர், மாட்டை அவிழ்த்துவிட்டவர் இருவருமே இதற்குப் பொறுப்பு. என்னைக் கேட்டால் இரண்டாமவர் பங்கே பெரிது. பாலை விற்ற காசு அவர் கையில் இருக்கிறதே!

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பழைய மண்தொட்டியில் ஈரமான எருவை நிரப்பி, ஒரு முட்டைக்கோசு இலையையும் கடைப் பெயர் அச்சிட்ட ஒரு பாலிதீன் பையையும் புதையுங்கள். நாள்தோறும் சிறிது தண்ணீர் தெளித்து, இரண்டு மாதம் கழித்துத் தோண்டுங்கள். இலையைத் தேடவேண்டியிருக்கும். பையைக் கழுவினால் கடையின் பெயரை வாசிக்கலாம்.